மயிலாத்தாள் வாங்கிய நிமிடங்கள்

இந்தக் கதையை முதன்முதலில் சொன்னவர், நல்லூத்துப்பாளையத்திலிருந்து கொடுமுடிக்குப் போகும் ‘செம்பூத்து’ என்ற பேருந்தின் நடத்துநர் பொன்னுரங்கம். அவர் இதை எந்த இடத்தில் தொடங்கினாலும், மயிலாத்தாள் முன்பின் அறியாத ஒருவருடைய நிமிடங்களை எடுத்துக்கொண்டாள், அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்வரை அவளுக்கும் அவள் தகப்பனாருக்கும் சோறு தொண்டையில் இறங்கவில்லை என்ற இடத்துக்குத்தான் வந்து சேர்வார். ஆகவே அதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

நல்லூத்துப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு ஒரு நாளில் இருநூற்று நாற்பத்தாறு பேருந்துகள் வந்து போகும். நான்கு நிமிடத்துக்கு ஒன்று, காலை வேளையில் மூன்று நிமிடத்துக்கு ஒன்று. ஒருவன் ஒரு நிமிடம் பிந்திப் புறப்பட்டால் பின்னால் வருகிறவனுடைய பயணிகளை அவன் அள்ளிக்கொண்டு போய்விட்டான் என்று பொருள். அதனால் அந்த ஊரில் நிமிடத்துக்காகச் சட்டை கிழிந்திருக்கிறது, முகப்புக் கண்ணாடி உடைந்திருக்கிறது, நிச்சயித்த சம்பந்தம்கூட முறிந்திருக்கிறது. இவற்றுக்கெல்லாம் நடுவில், கழுத்தில் விசிலும் கையில் நீள நோட்டுமாக நின்றவர் டைம்கீப்பர் சென்னியப்பன். சக்கரம் பஞ்சராகித் தாமதமாக வந்த பேருந்து, அடுத்த பேருந்தின் நேரத்தில் எத்தனை நிமிடத்தைத் தின்றதோ அத்தனையும் அந்த நோட்டில் ஏறும். பிறகு ஒரு நாள், தின்ற பேருந்து ஓரமாக ஒதுங்கி நின்று, இழந்த பேருந்துக்குத் தன் நேரத்திலிருந்து அதே அளவை விட்டுக்கொடுக்க வேண்டும். பணமாக வாங்க மாட்டார்கள். பண்டமாகவும் மன்னிப்பாகவும்கூட வாங்க மாட்டார்கள். நிமிடம் நிமிடமாகத்தான் திரும்ப வேண்டும் என்பது அந்த நிலையத்தின் சட்டம். அதை எழுதியவர் யாருமில்லை, மீறியவரும் யாருமில்லை.

அந்தச் சென்னியப்பனுக்கும் அவர் மனைவி மரகதத்துக்கும் ஒரு பங்குனி மாதத்தில் அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை வாயைத் திறந்தது, முகம் சிவந்தது, கைகால்களை உதைத்தது, சத்தம் மட்டும் வரவில்லை. செவிலியர் முதுகில் தட்டிப் பார்த்தார், பாதத்தில் சுண்டிப் பார்த்தார், பிறகு துணியில் சுற்றித் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் கதவைத் தாண்டியதும், ஆயா துடைத்துக்கொண்டிருந்த வெறும் மேசையிலிருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. ஆயா துடைப்பதை நிறுத்தினாள், அழுகை ஓயும்வரை மேசைக்குத் துணையாக நின்றாள், பிறகு மிச்சத்தையும் துடைத்தாள். செவிலியர் பதிவேட்டில் ‘குழந்தை அழுதது, ஒரு நிமிடம் தாமதமாக’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். செய்தி பேருந்து நிலையத்துக்கு எட்டியபோது, ஒரு நிமிடம்தானே, கணபதிபாளையத்து வண்டி தினமும் அவ்வளவு லேட்டு என்று ஓட்டுநர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு நிமிடம் கூடியது. மயிலாத்தாள் என்று பெயர் பெற்ற அந்தப் பெண்ணின் காது எல்லாரையும் போல உடனே கேட்டது. அவள் பேசியது மட்டும், ஐந்து வயதில் ஆறு நிமிடம் கழித்தும், எட்டு வயதில் ஒன்பது நிமிடம் கழித்தும், பேசிய அதே இடத்தில், அவள் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும், வந்து ஒலித்தது. கோவித்துக்கொண்டு அவள் சொன்ன வசவு, சண்டை போட்ட தோழி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த இடத்தில் நிழலுக்கு ஒதுங்கிய உடற்பயிற்சி ஆசிரியர்மேல் விழுந்தது. பேருந்தில் அவள் ‘கொடுமுடி ஒண்ணுங்க’ என்று கேட்டால், அந்தக் குரல் சாலையிலேயே தங்கிவிடும். மூன்றாம் மைல்கல்லுக்குப் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் காற்றில் டிக்கெட் கேட்கும் குரலுக்கு, ‘வண்டி போயிருச்சு கண்ணு’ என்று பதில் சொல்லிப் பழகினார்கள்.

ஊர் இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்றால், இன்னுமொரு தடத்துக்கு நேரம் ஒதுக்குவதைப் போல ஏற்றுக்கொண்டது. பேருந்து நேரப் பலகையின் கடைசி வரியில் சென்னியப்பன் சுண்ணக்கட்டியால் ‘மயிலாத்தாள் – 9 நிமிடம்’ என்று எழுதினார். பிறந்தநாளன்று அழித்து ‘10’ என்று திருத்தினார். மளிகைக்கடைக்காரர், அவள் வந்து வாயசைத்துவிட்டுப் பாண்டி ஆடப் போனதும், கடிகாரத்தைப் பார்த்துக் கொள்வார். நேரம் வந்ததும் காலியான படிக்கட்டிலிருந்து ‘கால் கிலோ துவரம்பருப்புங்க, கல்லு இல்லாம’ என்று கேட்கும். அவர் படிக்கட்டைப் பார்த்து, ‘எங்கடையில எப்ப அம்மிணி கல்லு இருந்துச்சு’ என்று சண்டைக்குப் போய்க்கொண்டே நிறுத்துக் கட்டி வைப்பார். பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதற்கு முன்பே தன் பலகையில் உட்கார்ந்து ‘உள்ளேன் டீச்சர்’ என்று சொல்லிவைப்பாள்; பெயர் கூப்பிடும்போது அது சரியாக வந்து நிற்கும். ஒரு நாள் அப்படிச் சொன்னதும் காய்ச்சல் வந்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஆசிரியை பெயர் கூப்பிட, ஆளில்லாத பலகை ‘உள்ளேன் டீச்சர்’ என்றது. அவர் நெடுநேரம் யோசித்து, சொன்னவள் பொய் சொல்கிறவள் அல்லள் என்பதால், வருகை போட்டார்.

மரகதத்துக்கு மட்டும் இதில் ஓர் ஆதாயம் இருந்தது. மற்ற வீடுகளில் பிள்ளை வாசலைத் தாண்டியதும் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். மரகதம் தையல் எந்திரத்தை நிறுத்திக் காத்திருப்பாள். பிள்ளை பள்ளிக்கூடமே போய்ச் சேர்ந்திருக்கும், அப்போது நிலைப்படியிலிருந்து ‘போயிட்டு வர்றேனுங்கம்மா’ என்று வரும். ‘செரி கண்ணு, பாத்துப் போ’ என்று நிலைப்படிக்குச் சொல்லிவிட்டு மறுபடி மிதிப்பாள்.

மயிலாத்தாளுக்கோ அது ஆதாயமாக இல்லை. ‘லேட் வண்டி’ என்று வகுப்பு முழுவதும் கூப்பிட்டது. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் பயனில்லை, இனி கேட்கப்போகும் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதை அவள் ஏழு வயதிலேயே தெரிந்துகொண்டாள். ஆகவே எதிரில் இருப்பவர் இன்னும் பத்து நிமிடத்தில் என்ன நினைப்பார், எங்கே நிற்பார், எது அவருக்குத் தேவைப்படும் என்று கணக்குப் போட்டபடியே அவள் குழந்தைப் பருவம் கழிந்தது. பாதி நாள் கணக்குச் சரியாக வரும், பாதி நாள் தவறும். தவறிய நாட்களில் பலகையின் கீழ் கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டு, தன் குரல் பொருந்தாத இடத்தில் போய் நின்று திருதிருவென்று விழிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தான் பேசுவது சரியான நேரத்தில் சேர வேண்டிய ஓரிடம் இந்த உலகத்தில் எங்காவது இருக்காதா என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை.

அவளுடைய பதினோராம் வயதில், பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடை வானொலியில், செவ்வாய்க்குப் போன கலங்களைப் பற்றி ஒருவர் பேசினார். இங்கிருந்து ஒரு கட்டளையை அனுப்பினால், அது அங்கே போய்ச் சேர, கோள் அருகில் இருக்கும்போது மூன்று நிமிடமும், தொலைவில் இருக்கும்போது இருபத்திரண்டு நிமிடமும் ஆகும் என்றும், அதனால் கலம் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பேசுவது வீண், அது அப்போது எப்படி இருக்கும் என்று எண்ணித்தான் பேச வேண்டும் என்றும் அவர் விளக்கினார். தேநீர் குடித்துக்கொண்டிருந்த பொன்னுரங்கம், ‘இதுக்கா இத்தன பெரிய படிப்பு? நம்ம டைம்கீப்பர் புள்ள பொறந்ததுலருந்து இதத்தானுங்க செய்யுது’ என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வடை வாங்க வந்திருந்த மயிலாத்தாள் சிரிக்கவில்லை. அவள் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். பன்னிரண்டு நிமிடம் கழித்து, வடைத் தட்டுக்கு முன்னால், ‘அங்க வேலைக்குப் போவோணும்னா என்ன படிக்கோணுங்க?’ என்று ஒரு குரல் கேட்டது; கடையில் அப்போது இருந்த புது ஆட்களுக்கு ஒன்றும் புரியாமல், இரண்டு பேர் இட்லிக்கு ஆர்டர் கொடுத்தார்கள்.

அதன்பின் அவள் படித்த படிப்பை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் பொறியியல் படித்தாள். வாய்மொழித் தேர்வுகளுக்கு அரை மணி முன்னதாகப் போய் ஆய்வகத்தில் பதில்களை வைத்துவிட்டு வந்தாள். கையில் எப்போதும் ஒரு குறிப்புப் புத்தகமும் பென்சிலும் வைத்திருந்து, அவசரத்துக்கு எழுதிக் காட்டினாள். இருபத்தோராம் பிறந்தநாளில் தாமதம் இருபத்திரண்டு நிமிடமாயிற்று. அடுத்த பிறந்தநாளில் அது கூடவில்லை. சென்னியப்பன் மூன்று முறை அளந்து பார்த்துவிட்டு, ‘கடைசி ஸ்டாப்பு வந்துருச்சுங்க’ என்று நிலையத்தில் அறிவித்தார். இதற்குக் காரணம் என்ன என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அந்த ஆண்டில்தான் கிழக்குக் கரையிலிருந்த விண்வெளி ஆய்வு மையத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. காலை பத்து மணி, வரிசை எண் ஒன்று, ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்று அச்சிட்டிருந்தது. அந்தத் தாள் பேருந்து நிலையத்தில் கை மாறி மாறிக் கசங்கியது. நடத்துநர்கள், மளிகைக்கடைக்காரர், ஆஸ்பத்திரிச் செவிலியர், வருகை போட்ட ஆசிரியை எல்லாரும் கூடி, தேர்வுக்குழு என்னென்ன கேட்கும் என்று நாற்பது கேள்வி எழுதி, அதில் இருபத்தாறை நீக்கி, மிச்சப் பதினான்கை வரிசைப்படுத்தினார்கள். மயிலாத்தாள் பதில்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். சென்னியப்பன் விநாடி முள்ளைப் பார்த்து அளந்தார். வழி இவ்வளவுதான்: பத்துக்கு இருபத்திரண்டு நிமிடம் முன்னதாகத் தேர்வறை நாற்காலியில் அவள் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்துவிட வேண்டும், பத்து மணிக்கு அவள் மறுபடி போய் உட்காரும்போது குரலும் வந்து சேர்ந்துகொள்ளும். அச்சில் போட்ட நேரத்தையும் வரிசையையும் ஒருவர் மாற்றக்கூடும் என்பது மட்டும் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்லூத்துப்பாளையத்தில் அப்படி ஒன்று நடந்ததே கிடையாது.

தகப்பனும் மகளும் ரயிலில் போனார்கள். ஒன்பது முப்பத்தைந்துக்கு அறைக் காவலரிடம் சென்னியப்பன், ‘புள்ள கொஞ்சம் உக்காந்து பாத்துட்டு வந்துரட்டுங்க, பயந்துக்குது’ என்று கெஞ்சி அனுமதி வாங்கினார். ஒன்பது முப்பத்தெட்டுக்கு மயிலாத்தாள் வெற்று மேசைக்கு வணக்கம் சொல்லித் தொடங்கி, பதினான்கு பதில்களையும் நிதானமாகச் சொல்லி முடித்து, புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். தாழ்வாரத்துப் பலகையில் அவளுக்கு அடுத்த வரிசை எண்ணுக்குரிய இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, முழங்கால்மேல் ஒரு துணிப்பை. பத்துக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது எழுத்தர் வந்து, அந்த இளைஞருக்குப் பதினொன்றரைக்கு ரயில் என்பதால் அவர் முதலில் போகட்டும், மயிலாத்தாள் இரண்டாவதாகப் போகலாம் என்று சொல்லி அவரை உள்ளே அழைத்துப் போனார்.

மயிலாத்தாள் எழுந்து கையை ஆட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள். வாய் அசைந்ததே தவிர வேறொன்றும் இல்லை. பென்சிலை எடுத்துக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவதற்குள் கதவு மூடிவிட்டது. சென்னியப்பன் எழுத்தரைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசைதானுங்க என்று மன்றாடினார். எழுத்தர், எல்லாருக்கும் அதே கேள்வி, அதே நாற்காலி, யார் முன்னே போனால் என்ன என்றார். முப்பது வருடம் விசில் ஊதிய மனிதர் அந்தச் சொல்லைக் கேட்டதும் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கடிகாரத்தைப் பார்த்தார். பத்து.

உள்ளே நடந்தது பிற்பாடு தெரிந்தது. இளைஞரின் பெயர் ஞானசிகாமணி. ஊர் உடன்குடிக்குத் தெற்கே, காற்றில் நகரும் செம்மணல் மேடுகளான தேரிகளின் ஓரத்தில். ஏன் இங்கே வேலைக்கு வர விரும்புகிறீர்கள் என்று தலைவர் கேட்க, அவர், ‘எங்க ஊர்ல தேரின்னு ஒண்ணு உண்டும் சார், அது ஒரு இடத்துல நிக்காது’ என்று தொடங்கினார். அந்த நேரத்தில் அவருடைய மடியிலிருந்து ஒரு பெண்குரல், ‘வணக்கமுங்க. என் பெயர் மயிலாத்தாள், நல்லூத்துப்பாளையம்’ என்றது. ஆளாக இருந்தால் வெளியே போகச் சொல்லலாம், குரலை எப்படிச் சொல்வது? தேர்வுக்குழுவினர் ஐந்து பேரும் பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார்கள். ஞானசிகாமணி முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு, தன்மேல் உட்கார்ந்து இன்னொருத்தி பதில் சொல்லி முடிக்கும்வரை, கூடுமானவரை அசையாமல் இருந்தார். அவருக்கு முன்னே ஒரு நிமிடமும் பின்னே இரண்டு நிமிடம் நாற்பது விநாடியும் மிஞ்சின. பின்னே கிடைத்ததில் அவர் தேரியைப் பற்றிப் பேச முயன்று, தேரி அவ்வளவு சின்னது அல்ல என்று சொல்லி எழுந்துவிட்டார்.

குழுத் தலைவர் காப்பி கொண்டுவரச் சொன்னார். அதனால் இருவரும் வெளியே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. மயிலாத்தாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பத்து இருபத்தொன்றுக்கு, இருவருக்கும் நடுவில் காற்று பதறிக்கொண்டு பேசியது: ‘அவரை உள்ள விட்றாதீங்க, என் சத்தம் அங்க உக்காந்துட்டு இருக்குது, பாவம் அவரோட நேரமெல்லாம் போயிரும்.’

ஞானசிகாமணி திரும்பிப் பார்த்தார். ‘இத முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா?’ என்றார்.

அவள் எழுதிக் காட்டினாள்: முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அது சிரிப்பினால் மட்டும் வந்தது அல்ல என்பதை அவள் பார்த்தாள். சென்னியப்பன் எழுந்து வந்து, நீள நோட்டைப் பிரித்து, அவருடைய பெயரையும் விலாசத்தையும் கேட்டார்.

‘அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. வேணும்னேயா செஞ்சாங்க?’

‘வேண்டாம்ங்கறதுக்கு உங்களுக்குப் பாத்தியதை இல்லீங்க தம்பி’ என்றார் சென்னியப்பன். ‘எடுத்தது எங்க வண்டி. திருப்பற வரைக்கும் இந்தப் பக்கத்த மூட மாட்டேன்.’

பதினொரு நிமிடம் இருபது விநாடி என்று எழுதினார்.

மயிலாத்தாளைக் குழு ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. நாங்கள் கேட்க நினைத்திருந்த கேள்விகளில் பன்னிரண்டுக்கு, நாங்கள் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டதே, எப்படி என்றார் தலைவர். அவள் எழுதினாள்: காத்திருக்கிறவர்கள் எந்த இடத்தில் காத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பது எனக்கு வழக்கம். தலைவர் அதை உரக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஒரு மாதத்தில் வேலைக்கான உத்தரவு வந்தது. ஞானசிகாமணிக்கு வரவில்லை.

வேலைக்குப் புறப்பட்ட மகளை ரயிலடியில் ஏற்றிவிட்டு மரகதம் உடனே வீட்டுக்குத் திரும்பவில்லை. வண்டி மூன்று நிலையம் தாண்டியிருக்கும், அதுவரை நடைமேடையில் நின்றாள்; ‘போயிட்டு வர்றேனுங்கம்மா’ வந்தது; ‘செரி கண்ணு’ என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

மயிலாத்தாளுக்கு விண்வெளி மையத்தில் எல்லாம் பொருந்தி வந்தது. கட்டளையை அனுப்பிவிட்டு மற்றப் பொறியாளர்கள் நகத்தைக் கடித்துக்கொண்டு திரையை வெறித்திருக்க, அவள் போய்ச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிவிட்டு, பதில் வரும் நேரத்துக்குத் திரும்புவாள். கலம் ஏதாவது கேட்பதற்கு முன் அதற்கு என்ன வேண்டியிருக்கும் என்று சொல்லி வைப்பாள். அவளுடைய குரல் வந்து பேசும் இடங்களில் சக ஊழியர்கள் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே, ‘அது மயிலாத்தாள் அம்மாவோட எடம், பேசி முடிச்சதும் உக்காந்துக்கங்க’ என்று சொல்லிவிடுவார்கள். சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டிய ஓரிடம் வேண்டும் என்று ஆசைப்பட்டவளுக்கு, வானத்தில் சிவப்பாக ஒன்று கிடைத்தது. ஆனாலும் ஒவ்வொரு முறை அந்தக் கோளின் மணல் மேடுகள் திரையில் விரியும்போதும், மடியில் ஒரு குரலைச் சுமந்துகொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டைதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த நாற்காலியில் தான் பேசியது பொய்யல்ல; ஆனால் பேசிய நேரம் தன்னுடையது அல்ல.

ஆண்டுதோறும் பொங்கலுக்கு ஞானசிகாமணிக்குக் கடிதம் எழுதினாள். மறு தேர்வுகளில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை, வயது வரம்பும் தாண்டிவிட்டது. ஊர்ப்பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆய்வகப் பணியாளராக இருந்தார். வார விடுமுறைகளில் தேரிக்காட்டில் கம்பு ஊன்றி, மணல் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்துவந்தார். பதில் அட்டைகளில் வேடிக்கையாகத்தான் எழுதுவார். ‘ஒங்க நிமிசத்த வச்சு நான் என்ன செய்ய? பனங்கெழங்கு அவிக்கக்கூடக் காணாது’ என்பார். கீழே சிறிய எழுத்தில், ஆடிக் காற்றில் எந்தக் கம்பு எத்தனை அடி புதைந்தது என்று ஒரு வரி இருக்கும். மயிலாத்தாள் வேடிக்கையை ஒரு முறையும் அந்த வரியைப் பல முறையும் படிப்பாள்.

இதற்கிடையில் சென்னியப்பனுக்கு ஓய்வுபெறும் வயது வந்து போனது. புது டைம்கீப்பர் வந்துவிட்டார். ஆனால் மூடாத பக்கத்தோடு நோட்டைக் கைமாற்றுவது வழக்கமில்லை. அதனால் கிழவர் தினமும் நிலையத்துக்கு வந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நேரப் பலகைக்குக் கீழே உட்கார்ந்தார். புதியவர் தனியாக ஒரு நோட்டுப் போட்டுக்கொண்டு, மரியாதைக்காக விசிலை மட்டும் மெதுவாக ஊதினார். முழங்கால் வீங்கி, சைக்கிள் மிதிக்க முடியாமல், பொன்னுரங்கத்தின் பேருந்தில் ஏறி வந்து போகும் நிலைமை வந்தபோது, வீட்டில் இருக்கக் கூடாதா அப்பா என்று மயிலாத்தாள் எழுதினாள். ‘நீ திருப்பு கண்ணு, நான் இருந்துக்கறேன்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. அன்று அவள் மதியம் சாப்பிடவில்லை.

வேலையில் சேர்ந்த பத்தொன்பதாம் ஆண்டில், செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருந்த கலத்தின் இயக்கப் பொறுப்பு அவளிடம் வந்தது. பொறுப்பாளருக்கு ஓர் உரிமை உண்டு: திட்டமிட்ட வேலைகள் போக, வருடத்துக்கு ஒரு முறை, கலத்தின் படமெடுக்கும் கண்ணை, தான் விரும்பிய இடத்தில் கால் மணி நேரம்வரை திருப்பி வைக்கலாம். அவளுக்கு முன்பு இருந்தவர்கள் அதை எரிமலைகளுக்கும் பனிக்கட்டிக்கும் கொடுத்தார்கள். அவள் அன்று மாலையே ஞானசிகாமணிக்கு எழுதினாள்: உங்கள் நேரம் கைக்கு வந்துவிட்டது, எங்கே பார்க்க வேண்டும்?

இம்முறை அட்டை வரவில்லை. ஒன்பது பக்கக் கடிதம் வந்தது. அன்று நாற்காலியில் தொடங்கிய வாக்கியத்தின் மிச்சம் அதில் இருந்தது. தேரி எப்படி நடக்கிறது, ஒரு செடியை எப்படிச் சுற்றி வளைக்கிறது, குழி கண்ட இடத்தில் எப்படித் தயங்கி, பிறகு எப்படிக் கரையிலிருந்து ஊட்டி ஊட்டித் தூர்க்கிறது என்றெல்லாம் எழுதி, செவ்வாயின் தென்பகுதியில் ஒரு மணல் மேட்டின் கிழக்கு ஓரத்தைக் குறித்துவிட்டு முடிவாகச் சொல்லியிருந்தார்: அந்த மேட்டுக்கு முன்னால் ஒரு பள்ளம் பழைய படங்களில் இருக்கிறது. அங்கே எதுவும் நகர்வதில்லை என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கம்புகள் சொல்வது சரியென்றால், இந்நேரம் அதில் பாதி தூர்ந்திருக்க வேண்டும். மயிலாத்தாள் சக அறிவியலாளர்களிடம் கடிதத்தைக் காட்டினாள். இரண்டு பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒருவர், நேரம் உங்களுடையது, வீணாக்கினாலும் கேட்பாரில்லை என்றார்.

தன்னுடையது அல்ல என்று அவள் எழுதிக் காட்டினாள்.

குறித்த நாளில் ஞானசிகாமணி வந்தார். தலை நரைத்திருந்தது, சட்டை இன்னும் வெள்ளைதான். சென்னியப்பனைப் பொன்னுரங்கம் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தார். பதினொரு மணி என்று அச்சிட்ட நிகழ்ச்சி நிரலை மயிலாத்தாள் நம்பவில்லை. பதினொன்றுக்கு இருபத்திரண்டு நிமிடம் முன்னதாகவே கட்டுப்பாட்டு அறைக்குள் போய், திரைக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டு, வெளியே வந்து, வாசலில் கைகளை விரித்து மறித்துக்கொண்டு நின்றாள். மையத்தின் இயக்குநர் அவசரமாக ஒரு விருந்தினரை உள்ளே அழைத்துப்போக வந்தார். அவள் நகரவில்லை. அவர் அவளைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், விருந்தினரைக் காப்பி குடிக்க அழைத்துக்கொண்டு போனார்.

பதினொன்றுக்கு ஞானசிகாமணி போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் மடியிலிருந்து குரல் வந்தது. இந்த முறை அது சரியான நேரத்தில் சரியான ஆளிடம் வந்து சேர்ந்தது.

‘வாங்க. அன்னிக்கு நீங்க எங்க ஊர்ல தேரின்னு ஒண்ணு இருக்குதுன்னு ஆரம்பிச்சீங்க. மிச்சத்தச் சொல்லுங்க. நான் ஒண்ணும் பேச மாட்டேன்.’

சென்னியப்பன் கடிகாரத்தைக் கையில் எடுத்தார். திரையில் செம்மணல், கோடு கோடாக, மேலிருந்து கீழே நெய்யப்படுவது போல இறங்கத் தொடங்கியது. ஞானசிகாமணி எழுந்து நின்றார். பிறகு, திரையில் விரல் வைத்து, காற்று வரும் திசை இது, மணல் ஏறும் முதுகு இது, அது மூச்சு வாங்கும் உச்சி இது என்று சொல்லிக்கொண்டே போனார். உதட்டைப் பிதுக்கியவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள். ஒருவர் பேனாவைத் திறந்தார். மேட்டின் கிழக்கு ஓரம் வந்தது, பள்ளம் வந்தது. பழைய படத்தில் வட்டமாக வாய் திறந்திருந்த பள்ளம், முக்கால்வாசி மணலால் மூடி, ஓரத்தில் ஒரு பிறை அளவு மட்டும் இருட்டாக மிஞ்சியிருந்தது.

ஞானசிகாமணி குனிந்து உற்றுப் பார்த்தார். ‘பாதின்னு எழுதிட்டேன்’ என்றார் மெல்ல. ‘அங்கத்த காத்தக் கொறைச்சு மதிச்சுட்டேன் போல.’

கேள்விகள் எழுந்தன, அவர் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார், அடுத்த ஆண்டு எங்கெங்கே கண்ணைத் திருப்ப வேண்டும் என்று ஒரு பட்டியல் தர முடியுமா என்று ஒருவர் கேட்டு, ஆலோசகராக வருவதற்கு வயது வரம்பு கிடையாது என்று இன்னொருவர் சொன்னார். வாசலில் நின்ற மயிலாத்தாள் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள், இருபத்திரண்டு நிமிடம் கழித்துக்கூட இந்த இடத்தில் தன் சத்தம் வந்து குறுக்கிடக் கூடாது என்று. கடைசிக் கோடு இறங்கித் திரை நின்றது. சென்னியப்பன் பொன்னுரங்கத்திடம் பேனா வாங்கி, பத்தொன்பது ஆண்டுகளாக மடியில் கனத்த நோட்டைப் பிரித்து, பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, அதன் கீழே நடுங்காத எழுத்தில் எழுதினார்: திருப்பியது, பதினொரு நிமிடம் இருபது விநாடி.